வேலிக்குள் பெய்யாத மழை

முள்ளிக்கரிசலில் மழை பிடித்துக்கொண்டால் பெண்கள் ஈரத்துணியைக் கூடையில் அள்ளிக்கொண்டு கோமதிநாயகத்தின் நிலத்துக்கு ஓடுவார்கள், ஏனென்றால் சுற்றியிருக்கிற எந்த விதைப்புக் காட்டில் பெய்தாலும், எந்தக் கூரையில் ஒழுகினாலும், அவனுடைய அந்த ஒன்றரை ஏக்கரில் மட்டும் ஒரு சொட்டு விழாது. எல்லைக்கு வெளியே கரிசல் நொதநொதவென்று காலை இழுக்கும், உள்ளே வெயிலில் வெடித்த மண் வெடித்தபடியே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். எல்லைக்கு உள்ளே தலையை நீட்டி நிற்கிற ஆட்டுக்குத் தலை காய்ந்திருக்கும், உடம்பு நனைந்திருக்கும். இதை அந்த ஊரில் யாரும் குரலைத் தாழ்த்தியோ கண்ணை விரித்தோ பேசுவதில்லை. நாலரை மணி பஸ் நாலே முக்காலுக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொல்வார்கள்.

கோமதிநாயகம் சென்னையில் ஒரு பெரிய மளிகைக் கிடங்கில் பத்தொன்பது வருஷம் பொட்டலங்களுக்கு விலைச்சீட்டு ஒட்டினவன். துவரம்பருப்பில் ஒட்டி, கடுகில் ஒட்டி, எங்கேயோ எவனோ விளைவித்த வெந்தயத்தில் ஒட்டி, விரல்நுனியில் பசை ஏறி, அந்தப் பசை சோற்றைப் பிசையும்போதும் போகாமல், ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்காத ஒரு கவளத்தை இந்த நாற்பத்துநாலு வயதுவரைக்கும் தான் தின்றதே இல்லை என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினது போகவில்லை. போனில் வீடியோவாகப் பார்த்தான், பழைய புத்தகமாக வாங்கிக் கோடு போட்டுப் படித்தான், மண் காயாமல் இலைதழையால் மூடாக்குப் போடுவது எப்படி, கோழி எருவை ஆறவைப்பது எப்படி, சோப்புக்காயில் பாத்திரம் கழுவுவது எப்படி என்று நோட்டு நோட்டாக எழுதினான். கடைசியில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த இந்த நிலத்தை வாங்கி, மூங்கிலும் ஓலையும் வைத்து ஒரு வீடு கட்டி, ஆவணி மாதத்தில் பெண்டாட்டியோடு வந்து இறங்கினான்.

பெண்டாட்டி சண்முகவடிவு ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அழவில்லை, சண்டை போடவில்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் படிப்பு வருஷம் முடிகிறவரைக்கும் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

"ஜூன் ஒண்ணாந்தேதி ஸ்கூல் திறக்குது. அதுக்குள்ள ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. உப்பை விட்டுர்றேன், மத்தது எல்லாம் நம்ம மண்ணுல விளைஞ்சதா இருக்கணும். அப்படி ஒரு தட்டு வச்சீங்கன்னா நான் ராஜினாமா எழுதிடறேன். இல்லன்னா ரெண்டு பேரும் திரும்பிப் போறோம், அதுக்கப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"ஒரு வேளைதானே?" என்று சிரித்தான் அவன். "நாலு மாசத்துல மூணு வேளை போடறேன் பாரு."

வந்த மறுநாளே சீமைக்கருவேல முள்ளை வெட்டி நிலத்தைச் சுற்றி அடைத்து, வாசல் படலில் ஒரு பலகையைக் கட்டி, கிடங்கில் பழகின அழகான கையெழுத்தில் எழுதினான்: 'இங்கே எதுவும் வாங்குவதில்லை. எதுவும் கொடுப்பதில்லை.' டீக்கடை சுடலைக்கண்ணு அந்த வழியாக வந்தவர் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதிருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புரட்டாசியில் ஊரில் மழை இல்லை. விதைப்புத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அப்போது அந்தப் பக்கத்து வழக்கப்படி பெண்கள் மழைச்சோறு எடுக்கக் கிளம்பினார்கள். ஒரு பெரிய மண்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இனி இந்த ஊரில் பிழைக்க வழியில்லை, பிச்சை எடுத்துத்தான் தின்ன வேண்டும் என்று வானத்துக்குக் காட்டுவதற்காக, வீடு வீடாகப் போய்ச் சோறோ கூழோ கஞ்சியோ ஒரு அகப்பை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே பானையில் கலந்து, ஊர்ப் பொதுவில் உட்கார்ந்து ஆளுக்கொரு உருண்டை தின்று ஒப்பாரி வைத்து அழுவார்கள். எந்த வீடும் விடுபடக் கூடாது. நாற்பத்தோரு வீடு முடித்து நாற்பத்திரண்டாவது வீடாக இவன் படலுக்கு வந்து நின்றாள் பக்கத்துக் காட்டு மாடத்தி. வாயிலும் கையிலும் ஓயாத பொம்பளை, மிளகாய் போட்டே மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தவள்.

"மதினி, மழைச்சோறு!"

சண்முகவடிவு அகப்பையோடு வந்துவிட்டாள். கோமதிநாயகம்தான் குறுக்கே வந்து நின்றான். சென்னையிலிருந்து கொண்டுவந்த அரிசி டப்பாக்களில் எது எந்த வாரத்துக்கு என்று அவன் எழுதி வைத்திருந்தான், முதல் அறுவடை வரைக்கும் அதுதான் கணக்கு.

"தப்பா நினைக்காதீங்க. எங்க சாப்பாடு எங்களுக்கு, உங்க சாப்பாடு உங்களுக்கு. இதைக் கொள்கையா வச்சிருக்கோம்."

"சோறு கேக்கலைய்யா. மழை கேக்கோம்."

"மழையை நான் கேட்டுக்கறேன், என் நிலத்துக்கு."

மாடத்தி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். "சரி, அப்படிக் கேட்டுக்கோங்க" என்று பானையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மழை வந்தது. கிழக்கேயிருந்து கருகருவென்று வந்து, கண்மாயில் பெய்து, கோயிலில் பெய்து, மாடத்தியின் மிளகாய்க் காட்டில் பெய்து, இவன் வேலி வரைக்கும் வந்து, அங்கே ஒருவர் வீட்டுவாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நின்று, இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போய்விட்டது.

முதல் வாரம் அவன் தற்செயல் என்று இருந்தான். இரண்டாம் வாரம் வேலியை இரண்டடி உள்ளே தள்ளி அடைத்தான். மழையும் இரண்டடி உள்ளே வந்து நின்றது. ஆத்திரத்தில் வேலியை மொத்தமாகப் பிடுங்கி எறிந்தான். முதலில் வேலி இருந்த எல்லையிலேயே கயிறு கட்டினதுபோல மழை நின்றது. வாசலுக்கு வெளியே குடத்தை வைத்து மழைத்தண்ணீர் பிடித்து உள்ளே கொண்டுவந்து ஊற்றிப் பார்த்தான். காய்ந்த தோசைக்கல்லில் தெளித்ததுபோல அது சுருக்கென்று காணாமல் போனது. கிணறு வெட்டலாம் என்றால் அந்தப் பக்கம் தோண்டுகிற இடமெல்லாம் உப்புத்தண்ணீர். வாசல் படலையும் அதில் தொங்கின பலகையையும் மட்டும் அவன் கழற்றவில்லை. கழற்றத் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது, கழற்றினால் யாராவது பார்ப்பார்கள்.

ஊர் இதற்கு நாலு நாளில் பழகிவிட்டது. முதலில் சின்னத் துணிகள் வந்தன, பிறந்த பிள்ளைக்கு வேறு மாற்றுத்துணி இல்லையென்று ஒருத்தி கெஞ்சிக் கேட்டுக் காயப்போட்டாள். அப்புறம் போர்வைகள் வந்தன, சாண எருவாட்டி வந்தது, கோயில் ஜமுக்காளம் வந்தது, சுடுகாட்டுக்கு வேண்டிய விறகு வந்தது. நனைந்த ஆடுகள் யாரும் ஓட்டாமல் தாங்களாகவே வந்து நின்று உடம்பை உதறின. கார்த்திகையில் அடைமழை பிடித்தபோது பந்தல் போட வழியில்லாமல் தவித்த ஒரு கல்யாண வீட்டார் வெற்றிலைத் தட்டோடு வந்து அழைத்து, இவன் நிலத்திலேயே மணவறை வைத்து, நாலு பக்கமும் மழை வெள்ளித் திரைபோலத் தொங்க நடுவில் தாலி கட்டினார்கள். அப்படி ஒரு போட்டோ அந்தத் தாலுகாவிலேயே யாருக்கும் அமையவில்லை என்று இன்றைக்கும் பேச்சு. நில அளவைக்காரர் குடையோடு வந்து எல்லையைப் பார்த்துவிட்டு, "என் சங்கிலி நாலு விரற்கடை முன்னபின்ன காட்டும், மழை சுத்தமா அளந்திருக்கு" என்று பக்கத்து நிலத்துத் தகராறு ஒன்றையும் அதை வைத்தே தீர்த்துவிட்டுப் போனார்.

ஒருவராவது வந்து, ஐயோ பாவம் உங்களுக்கு ஏன் இப்படி என்று கேட்கவில்லை. அதுதான் கோமதிநாயகத்துக்கு நெஞ்சை அறுத்தது. அவன் கம்பு விதைத்தான், கோழி பொறுக்கித் தின்றது. அவரை ஊன்றினான், எறும்பு இழுத்துப் போனது. மூடாக்குப் போட்டான், அதன்மேல் யாரோ வேட்டி காயப்போட்டார்கள். நோட்டில் எழுதி வைத்திருந்த ஒவ்வொரு வரியும் 'ஈரமான மண்ணில்' என்றே ஆரம்பித்தது.

தை மாதம் பாசிப்பயறும் உளுந்தும் வந்து விரிந்தன. காயவைத்தவர்கள் அள்ளிக்கொண்டு போகும்போது களத்துக்கு ஒரு பிடி என்று ஒரு ஓரத்தில் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். இவன் அந்தப் பிடியை அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடுவான்.

"ஏய்யா, இது ஒமக்கு இல்ல, களத்துக்கு."

"இது களம் இல்லைங்க. என்னோட நிலம்."

"நெலந்தான். நெலத்துலதானே களம் இருக்கும்?"

அவன் ஓடி ஓடிக் களைத்த பிறகு சண்முகவடிவு அந்தப் பிடிகளைச் சத்தமில்லாமல் காலியான அரிசி டப்பாக்களில் போட்டு மூடினாள். ஒருநாள் உளுந்தங்களி கிண்டித் தட்டில் வைத்தாள்.

"இது கணக்குல சேருமா?" என்று கேட்டான் அவன், கேட்கும்போதே வெட்கத்தோடு.

"விளைஞ்சது அங்க. காஞ்சது இங்க. பாதி மார்க் போடலாம்." அவள் சிரித்தாள். "பாதி மார்க்குக்குப் பாஸ் கிடையாது."

அவளுக்கு அந்த ஊர் பிடித்திருந்தது, அதுவும் அவனுக்கு எரிச்சல். காயப்போட வருகிற பெண்கள் அவளிடம் உட்கார்ந்து ஊர்க்கதை முழுக்கச் சொன்னார்கள், பிள்ளைகளைக் கணக்குக்கு விட்டார்கள். அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை, எழுந்திருக்கவும் சொல்லவில்லை. அந்தக் கரிசலில் விதைக்கிற எவனையும் சம்சாரி என்பார்கள், கால் ஏக்கர்க்காரனும் சம்சாரிதான். இவனை மட்டும் மெட்ராஸ்காரர் என்றார்கள். டீக்கடையில் யாராவது அவன் நிலத்துக்கு வழி கேட்டால், "காயப்போடுற காடா? நேராப் போங்க" என்றார் சுடலைக்கண்ணு.

பங்குனி பிறந்ததும் மிளகாய் வந்தது. பழமெடுத்த மிளகாய் மழையில் மாட்டினால் பூஞ்சை விழுந்து வெளுத்துப் போகும், வருஷம் முழுக்கப் பட்ட பாடு குப்பைக்குப் போகும். அந்த வருஷம் வானம் நாளுக்கொரு தரம் கோடை மழைக்குக் கூடிக்கூடிக் கலைந்தது. ஆகவே நாற்பத்தோரு வீட்டு மிளகாயும் இவன் நிலத்தில் வந்து விழுந்து, ஒன்றரை ஏக்கரும் வீட்டுவாசல் வரைக்கும் இரத்தமாகச் சிவந்து, நடக்க இடமில்லாமல், மூச்சு விட்டால் தும்மல் வந்து, கோமதிநாயகம் கண் எரிய எரிய உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தான்.

அவனிடம் கடைசியாக ஒரு மூட்டை பனிவரகு விதை மிச்சமிருந்தது. அறுபத்தைந்து நாளில் விளையும். அதைவிடச் சீக்கிரம் விளைகிற தானியம் நோட்டில் இல்லை. இடையில் கீரை முளைத்துவிடும், ஒரு தட்டுக்கு அது போதும். ஜூன் ஒன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினான். நாலு நாளைக்குள் மண் நனைய வேண்டும்.

அன்றைக்குக் காலையில் அவன் ஒரு பானையை எடுத்தான்.

சண்முகவடிவு வாசலில் நின்று பார்த்தாள். "ஆம்பளைங்க எடுத்து நான் கேள்விப்பட்டதில்ல."

"பெஞ்சாப் போதும். யார் எடுத்தா என்ன?"

பலகை தொங்குகிற படலைத் திறந்து வெளியே போய் முதலில் மாடத்தி வீட்டு முன்னால் நின்றான். பானையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டான்.

"மழைச்சோறு."

மாடத்தி அகப்பையை எடுக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவனை உட்காரச் சொன்னாள். வந்து ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவனை ஒருவர் உட்காரச் சொல்கிறார், உட்காரத்தான் அவனுக்கு நேரமில்லை.

"போட்டா பெஞ்சுருமேய்யா."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

"பெஞ்சா எங்க மொளகா?"

"உங்க மிளகாயை உங்க காட்டுல காயப்போடுங்க!"

"அங்கதான் மழை பெய்யுமே" என்றாள் மாடத்தி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "கேட்டவுகளுக்கு இல்லேன்னு சொல்லி எங்களுக்குப் பழக்கமில்ல. எட்டே எட்டு நாளு பொறுங்க. மொளகாய மூட்டை கட்டுனதும் ஊரே ஒங்க கூட வந்து பானை தூக்கும்."

"எட்டு நாள் ஆனா என் கதை முடிஞ்சுது!"

ஊர் கூடிப் பேசியது. அவனுக்கு எதிராக ஒருவர்கூடப் பேசவில்லை. எல்லோரும் அவனுக்காக வருத்தப்பட்டார்கள், எல்லோரும் எட்டு நாள் என்றார்கள். அவன் விடாமல் தினமும் பானையை எடுத்துக்கொண்டு போனான். ஒரு வீட்டில் போட்டார்கள், அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. மறுநாள் அந்த வீடு திறந்திருந்தது, எதிர்வீட்டில் ஆள் வெளியூர். நாற்பத்தொன்று ஒருநாளும் சேரவில்லை. யாரும் பேசி வைத்துச் செய்ததாகவும் தெரியவில்லை. சாயங்காலம் பாதிப் பானையோடு திரும்பி வருவான், அவனும் சண்முகவடிவும் அதைத்தான் தின்றார்கள். கம்பங்கூழும் புளிச்சோறும் வெந்தயக் கஞ்சியும் ஒன்றாகக் கலந்த அது நன்றாகவே இருந்தது, அதையும் அவனால் பொறுக்க முடியவில்லை. நாலாம் நாள் தாண்டியது. அதற்கப்புறமும் ஏன் போகிறான் என்று சண்முகவடிவு கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டாம் நாள் மார்ச் முப்பத்தொன்று. மறுநாள் காலையில் மிளகாய்க்கு லாரி வருகிறது. சுடலைக்கண்ணு டீக்கடையில் யோசனை சொன்னார்: "புரட்டாசில பானை எடுத்து மூணாம் நாளுதானே பெஞ்சது? இன்னைக்குப் போட்டாலும் மூணு நாளு ஆகும். காலையில நம்ம மூட்டை கட்டிருவோம். பாவம், மனுசன் எளைச்சுப் போனாரு, போட்டுருங்க."

அன்றைக்கு ஒரு கதவுகூடப் பூட்டியிருக்கவில்லை. நாற்பத்தோரு அகப்பையும் விழுந்தது. பானை நிறைந்து, இரண்டாவது பானை கேட்டு வாங்கி, அதுவும் நிறைந்தது. கடைசியில் அவன் தன் படலுக்கு முன்னால் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், "மழைச்சோறு" என்றான். சண்முகவடிவு உள்ளேயிருந்து வந்து நாற்பத்திரண்டாவது அகப்பையைப் போட்டாள்.

ஊர்ப் பொதுவில் உட்கார வேண்டியது, ஆனால் மழை கேட்பது இந்த மண்ணுக்கு என்பதால் எல்லோரும் மிளகாயை முழங்கையால் ஒதுக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். மாடத்தி பிசைந்து உருண்டை பிடித்து ஒவ்வொரு கையிலும் வைத்தாள். அவன் கையில் வைக்கும்போது, "அழணும்யா" என்றாள். "சும்மா தின்னா பெய்யாது."

அழுவதற்கு அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மிளகாய் நெடியில் ஏற்கெனவே கண்ணில் தண்ணீர். உருண்டையை வாயில் வைத்தான். மேற்கே இடித்தது.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, எல்லைக்கு வெளியே பெய்யும் என்றிருந்தார்கள். பெரிய பெரிய சொட்டுகளாகக் கண்மாய்ப்பக்கம் வந்து, மாடத்தி காட்டில் தடதடத்து, வேலி இருந்த கோட்டுக்கு வந்து, அங்கே வழக்கம்போல நின்றது. நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரம் தயங்கி, உள்ளே வந்துவிட்டது.

"ஏ, மொளகா!"

நாற்பத்தோரு வீடும் எச்சில் கையோடு எழுந்து ஓடியது. ஒருவரிடமும் தார்ப்பாய் இல்லை. அந்த நிலத்துக்குத் தார்ப்பாய் கொண்டுவருகிற வழக்கம் எப்போது இருந்தது? சேலையை அவிழ்த்து மூடினார்கள், வேட்டியை உருவி மூடினார்கள், கோயில் ஜமுக்காளம் வந்தது. கோமதிநாயகம் தன் மண் ஏழு மாதத்துக்கப்புறம் முதல்முறையாகக் கறுப்பதையும், வெடிப்புகளில் தண்ணீர் இறங்கிக் களகளவென்று சத்தம் போடுவதையும் பார்த்தபடி ஒரு நொடி நின்றான். ஒரே நொடிதான். மாடத்தி இரண்டு கையிலும் மிளகாயை அள்ளிக்கொண்டு எங்கே போடுவதென்று தெரியாமல் வட்டமடித்தாள்.

"சாக்கு! ஒரு சாக்கு குடுங்க யாராவது!"

அவன் வீட்டுக்குள் ஓடினான். இருந்த ஒரே சாக்கில் பனிவரகு விதை இருந்தது. வாசலுக்கு இழுத்து வந்து, வாயைப் பிரித்து, அப்படியே தலைகீழாக மண்ணில் கொட்டி உதறி, "இந்தாங்க!" என்று நீட்டினான். படலில் தொங்கின பலகையைப் பிடுங்கினான், அதை வைத்து மிளகாயைத் தள்ளித் தள்ளிக் குவித்தான். முழங்கால் சேற்றில் வழுக்கியது, கண் திறக்க முடியவில்லை, கை இரண்டும் எரிந்தன. யார் வீட்டுக் குவியல் எதுவென்று தெரியவில்லை, எல்லாம் ஒரே சிவப்பாக ஓடியது. நிமிர்ந்து வானத்தைப் பார்த்து, வாய்க்கு வந்த கெட்டவார்த்தையைச் சொல்லி, "ஒரு ராத்திரி பொறுத்து வந்தா என்ன குடியா முழுகிப் போயிரும் உனக்கு? நில்லு! நில்லுங்கறேன்!" என்று கத்தினான்.

மழை நிற்கவில்லை. மாடத்திதான் நின்றாள். தலையில் சாக்கோடு, முகமெல்லாம் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கேட்டீகளாடி? இப்பத்தான் மனுசன் சம்சாரி மாதிரி பேசுறாரு!"

பொழுது இறங்குவதற்குள் பாதி மிளகாய் வீட்டுக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் ஏறிவிட்டது, மீதி பாதி போய்விட்டது. ஆட்கள் ஈரத்தோடு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. மாடத்தி மட்டும் போகிறபோது, களத்துக்கு என்று ஒரு பிடி ஈர மிளகாயை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடவில்லை.

வாசலில் பனிவரகு ஒரே குவியலாக நனைந்து கிடந்தது. அவன் அதன் பக்கத்தில் குந்தினான். சண்முகவடிவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள், இத்தனை மாதத்தில் இந்த மண்ணில் அவள் கை வைத்து அவன் பார்த்ததில்லை.

"இப்படிக் குமியலா முளைச்சா ஒண்ணையொண்ணு நெருக்கிச் செத்துரும்" என்றாள். குனிந்து, இரண்டு கையாலும் விதையை அள்ளி, சேற்றில் வீசி வீசிப் பரத்த ஆரம்பித்தாள். மழை அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நாலைந்து வீச்சுக்குப் பிறகு வாய்க்குள் முணுமுணுத்து எண்ணினாள்.

"அறுபத்தஞ்சு நாள்னா ஜூன் நாலு வருது."

"தெரியும்" என்றான் அவன்.

அவள் இன்னொரு பிடி அள்ளினாள்.

"நாலு நாள் லீவு கேட்டா தருவாங்களான்னு தெரியல" என்றாள். "கேட்டுப் பாக்கறேன்."